விசா ஃபார்ம் என்னும் காமெடி: சிரிக்கும் கலைஞர்கள், சிரிக்க முடியாத விண்ணப்பதாரர்கள்

பயங்கரவாதச் செயலில் ஈடுபடும் நோக்கத்தோடு அமெரிக்கா வருகிறீர்களா? ஆம் / இல்லை.

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தை நிரப்பியவர்களுக்கு இந்தப் பக்கம் நன்றாக நினைவிருக்கும். ராத்திரி பதினொரு மணி. பக்கத்தில் பாஸ்போர்ட், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், 'செஷன் டைம் அவுட் ஆகிடுமோ' என்ற பதற்றம். உளவு பார்க்கப் போகிறீர்களா, இனப்படுகொலையில் பங்கெடுத்திருக்கிறீர்களா, பாலியல் தொழில் செய்ய வருகிறீர்களா என வரிசையாகக் கேள்விகள். இல்லை, இல்லை, இல்லை என்று க்ளிக் செய்துகொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிடும். அடுத்த நொடியே ஒரு பயமும் வரும். தூக்கக் கலக்கத்தில் எங்கேயாவது 'ஆம்' அழுத்தித் தொலைத்துவிட்டோமா?

இந்தச் சிரிப்பையும் இந்தப் பயத்தையும் வைத்து உலகம் முழுக்கக் கலைஞர்கள் நிறைய செய்திருக்கிறார்கள். போலி பாஸ்போர்ட் வரைந்திருக்கிறார்கள், இல்லாத நாட்டுக்கு விசா கொடுத்திருக்கிறார்கள், வீடியோ கேம் எழுதியிருக்கிறார்கள், விசாவுக்காகக் கல்யாணமே செய்துகாட்டியிருக்கிறார்கள். இவையெல்லாம் வெறும் நக்கலா? இல்லை, வரிசையில் நிற்கிற நமக்கும் இதில் ஏதாவது இருக்கிறதா? பார்க்கலாம்.

*இந்தக் கேள்விகளை யார்தான் எழுதினார்கள்?*

முதலில் ஒரு பழைய கதை. ஆங்கில எழுத்தாளர் ஜி.கே.செஸ்டர்டன் 1921-ல் அமெரிக்கா போனார். அதற்கு முன் தூதரகத்தில் அவருக்குத் தரப்பட்ட படிவத்தில், நீங்கள் அனார்க்கிஸ்ட்டா, அமெரிக்க அரசை வன்முறையால் கவிழ்ப்பதை ஆதரிக்கிறீர்களா, பலதார மணம் செய்தவரா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய ஒருவன் அதைப் படிவத்தில் நேர்மையாக எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவான் என்று நம்புகிறார்களே என அவர் ரசித்துக் கிண்டல் செய்து 1922-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். பிரிட்டிஷ் ஒலிபரப்பாளர் கில்பர்ட் ஹார்டிங் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். 'அமெரிக்க அரசைக் கவிழ்ப்பது உங்கள் நோக்கமா?' என்ற கேள்விக்கு, 'வருவதே அதற்காகத்தான்' என்று எழுதினாராம்.

ஆனால் அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. 1901-ல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியை அனார்க்கிஸ்ட் ஒருவர் சுட்டுக் கொன்றார். 1903-ல் அனார்க்கிஸ்ட்டுகள் நாட்டுக்குள் வரத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் படிவத்தில் ஒரு கட்டம் வரும். பயம் போன பிறகும் கட்டம் மட்டும் போகாது. கம்யூனிஸ்ட் பயத்துக்கு ஒரு கட்டம், நாஜிக்களுக்கு ஒரு கட்டம், பயங்கரவாதத்துக்கு ஒரு கட்டம் என்று படிவம் வளர்ந்துகொண்டே வந்தது. விசா ஃபார்ம் என்பது ஒரு நாடு எப்போதெல்லாம் எதற்கெல்லாம் பயந்தது என்பதன் டைரி.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்வி பயங்கரவாதியை வாசலிலேயே பிடிப்பதற்காக வைக்கப்பட்டதில்லை என்பது எழுதியவர்களுக்கே தெரியும். நீங்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டு, பின்னாளில் அது பொய் என்று தெரிந்தால், பொய்த் தகவல் கொடுத்த ஒரே காரணத்தை வைத்து வெளியே அனுப்பலாம். பெரிய குற்றத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். படிவத்தில் சொன்ன பொய்யை நிரூபிப்பது சுலபம். ஆக, நமக்குக் காமெடியாகத் தெரிகிற கேள்வி, அவர்களுக்கு எதிர்காலத்துக்கான ஆதாரம்.

*நூறு வருஷத்துக்கு முன் இப்படி இல்லை*

முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்தது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடாக வந்த கெடுபிடி, போர் முடிந்தும் போகவில்லை. 1920-ல் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடுதான் 32 பக்கப் புத்தக வடிவத்தைப் பொதுவான மாதிரியாக வகுத்தது. இன்று நம் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் தாத்தா அது.

அந்தப் 'போய்வர முடிந்த' காலத்திலும் எல்லோராலும் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1908-ல் கனடா ஒரு விதி போட்டது. பிறந்த நாட்டிலிருந்து ஒரே தொடர்ச்சியான பயணமாக, அங்கேயே வாங்கிய டிக்கெட்டோடு வருபவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. விதியில் 'இந்தியா' என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேரடியாக வர வழியில்லை. 1914-ல் 376 பயணிகளோடு வான்கூவர் போன கோமகட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டு, பெரும்பாலானவர்களோடு திருப்பி அனுப்பப்பட்டது. கப்பல் கல்கத்தா அருகே பஜ் பஜ் வந்து சேர்ந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். 'உங்களை வேண்டாம்' என்று சொல்லாமல், 'உங்கள் பேப்பர் சரியில்லை' என்று சொல்லும் கலை அப்போதே கைகூடிவிட்டது.

*யாராலும் படிக்க முடியாத பாஸ்போர்ட்*

பேப்பரைக் கிண்டல் செய்த கலைஞர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் சால் ஸ்டைன்பெர்க். 1914-ல் ருமேனியாவில் பிறந்த யூதர். இத்தாலியின் மிலான் நகரில் கட்டடக்கலை படித்தார். படித்து முடித்தபோது கையில் கிடைத்த பட்டச் சான்றிதழிலேயே அவர் யூத இனத்தவர் என்று குறித்திருந்தார்கள். யூத விரோதச் சட்டங்கள் அமலில் இருந்த நாட்டில் அந்தச் சான்றிதழை வைத்து அவர் என்ன செய்ய முடியும்?

1941-ல் இத்தாலியை விட்டுத் தப்பி, லிஸ்பன் வழியாக நியூயார்க் போனார். காலாவதியான பாஸ்போர்ட்டை ரப்பர் ஸ்டாம்பு வைத்துக் 'கொஞ்சம்' சரிசெய்துகொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எல்லிஸ் தீவில் இறங்கியும் உள்ளே விடவில்லை. ருமேனியர்களுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது. டொமினிகன் குடியரசுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு வருஷம் காத்திருந்து, 1942-ல்தான் அமெரிக்காவுக்குள் போனார். பிறகு 'நியூ யார்க்கர்' இதழின் முக்கியமான ஓவியர்களில் ஒருவரானார்.

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் போலி ஆவணங்களை வரைந்தார். பட்டங்கள், உரிமங்கள், பாஸ்போர்ட்டுகள். எல்லாவற்றிலும் கம்பீரமான முத்திரை, வளைந்து நெளிந்த கையெழுத்து, அதிகாரி கையொப்பம். கிட்டே போய்ப் படித்துப் பார்த்தால் ஒரு எழுத்துகூடக் கிடையாது. எல்லாம் வெறும் கிறுக்கல். கைரேகையையே முகமாக வைத்து பாஸ்போர்ட் போட்டோ செய்தார். 1954-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'தி பாஸ்போர்ட்'.

அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் நமக்குப் புரிகிற ஒரு விஷயம் உண்டு. ஆவணத்தை நாம் படிப்பதில்லை. முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து நம்பிவிடுகிறோம். அரசு அலுவலகத்தில் 'சீல் எங்கே?' என்ற கேள்வியைக் கேட்ட எந்தத் தமிழருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

*ஒரு விசாவுக்காக ஒரு கல்யாணம்*

ஸ்டைன்பெர்க்கின் நக்கல் மென்மையானது. செர்பியக் கலைஞர் தான்யா ஒஸ்டோயிச்சின் நக்கல் அப்படியல்ல.

2000-ல் பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரியத் தூதரகத்தின் முன் அவர் வரிசையில் நின்றார். கையில் சுமார் இருபது பக்க ஆவணங்கள். காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை நின்றும் விசா கிடைக்கவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதானே? அவர் அதையே ஒரு கலைநிகழ்வாக அறிவித்தார். பெயர்: 'விசாவுக்காகக் காத்திருத்தல்'.

அதே ஆண்டு அவர் தொடங்கிய அடுத்த திட்டத்தின் பெயர், 'ஐரோப்பிய ஒன்றிய பாஸ்போர்ட் உள்ள கணவர் தேவை'. மேட்ரிமோனி விளம்பரம் மாதிரியே இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஆனால் அலங்காரம் எதுவும் இல்லை. மொட்டையடித்த தலையோடு நிர்வாணமாக, ஏதோ சிறை ஆவணத்துக்கு எடுத்ததைப் போன்ற ஒரு புகைப்படம். 500-க்கும் மேற்பட்ட கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஜெர்மனியைச் சேர்ந்த கலைஞர் ஒருவரை பெல்கிரேடில் சந்தித்து, உண்மையிலேயே திருமணம் செய்துகொண்டு, அந்த விசாவில் ஜெர்மனி போனார். அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தும், நிரந்தர அனுமதிக்குப் பதிலாக இன்னொரு இரண்டு வருடத் தற்காலிக அனுமதிதான் கிடைத்தது. விவாகரத்து செய்துகொண்டார். 2005-ல் பெர்லினில் 'விவாகரத்து பார்ட்டி'யோடு படைப்பை முடித்துவைத்தார்.

இதில் எது கலை, எது வாழ்க்கை? பதில் தெரியாது என்பதுதான் விஷயமே. 'உங்கள் திருமணம் உண்மையானதா?' என்று குடியேற்ற அதிகாரி கேட்கும் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? சட்டப்படி உண்மை. காகிதப்படியும் உண்மை. நம்மூரில் 'மாப்பிள்ளை கிரீன் கார்டு ஹோல்டர்' என்று ஜாதகத்தோடு சேர்த்துச் சொல்லும்போது நாமும் இதைத்தானே பூசி மெழுகிச் சொல்கிறோம்? அவர் பூச்சை உரித்துவிட்டு விளம்பரம் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

*கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்?*

இதுவரை சொன்னதெல்லாம் விண்ணப்பிக்கிறவர் பக்கத்துக் கதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கதையைச் சொன்னது ஒரு வீடியோ கேம். லூகாஸ் போப் என்ற ஒற்றை ஆள் உருவாக்கி 2013-ல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. 2022-லிருந்து மொபைலிலும் கிடைக்கிறது.

ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. வருடம் 1982. நீங்கள் எல்லைச் சாவடியில் ஒரு இன்ஸ்பெக்டர். வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பச்சை அல்லது சிவப்பு முத்திரை குத்த வேண்டும். கேமே இவ்வளவுதான். ஆனால் தினமும் விதி மாறும். இன்று பாஸ்போர்ட் போதும். நாளை நுழைவுச் சீட்டு வேண்டும். மறுநாள் அதுவும் செல்லாது, அனுமதிப் பத்திரம் வேண்டும். சரியாகப் பார்த்து அனுப்பும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். அந்தப் பணத்தில் வீட்டு வாடகை, சாப்பாடு, ஹீட்டிங், மகனுக்கு மருந்து. மெதுவாக, கருணையாக வேலை பார்த்தால் வீட்டில் பட்டினி.

ஒரு நாள் ஒரு கணவன் வருவார். பேப்பர் எல்லாம் பக்கா. போகும்போது, 'அடுத்து என் மனைவி வருகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார். மனைவியிடம் ஒரு பத்திரம் குறையும். விட்டால் உங்கள் கணக்கில் ஒரு தவறு ஏறும். விடாவிட்டால் ஒரு குடும்பம் பிரியும். பின்னால் க்யூ நீண்டுகொண்டிருக்கும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை விளையாடும்போது பெரும்பாலானவர்கள் மனைவியை உள்ளே விடுவார்கள். பத்தாவது நாள் வாக்கில், எதிரே நிற்பது யார் என்றே பார்க்காமல் தேதியை மட்டும் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். நான் அப்படித்தான் ஆனேன்.

நடுவில் ஒரு காமெடியும் உண்டு. ஜோர்ஜி என்ற தாத்தா பேப்பரே இல்லாமல் வருவார். திருப்பி அனுப்பினால், அடுத்த முறை க்ரேயானில் தன் கையாலேயே வரைந்த பாஸ்போர்ட்டோடு வருவார். நாட்டின் பெயர் கோப்ராஸ்டான். அப்படி ஒரு நாடே இல்லை. நாம் சிவப்பு முத்திரை குத்துவோம். அவர் கோபித்துக்கொள்ளாமல் போவார். எந்தப் பாஸ்போர்ட்டும் யாரோ ஒருவர் வரைந்து, மற்றவர்கள் நம்ப ஒப்புக்கொண்ட காகிதம்தானே என்று பிறகுதான் உறைக்கும்.

இந்த கேம் செய்த முக்கியமான காரியம் இது: அதிகாரியை வில்லனாக்காமல், அவர் எப்படி அப்படி ஆகிறார் என்று நம் விரலை வைத்தே நமக்குக் காட்டியது. அடுத்த முறை விசா நேர்காணலில் இரண்டே நிமிடத்தில் 'சாரி' சொல்லிவிட்டார்கள் என்று கோபம் வரும்போது, கோபப்பட வேண்டியது அந்த முகத்தின் மீதா, அதன் பின்னால் இருக்கிற ஏற்பாட்டின் மீதா என்று யோசிக்க வைக்கும்.

*ஜோக் புரியாமல் போனபோது*

இப்போது கொஞ்சம் சங்கடமான கதைக்கு வருவோம்.

யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த நேரத்தில், 1992-ல் ஸ்லோவேனியாவின் 'நோயே ஸ்லொவேனிஷே குன்ஸ்ட்' என்ற கலைக்குழு ஒரு நாட்டை அறிவித்தது. நிலம் கிடையாது, எல்லை கிடையாது, காலத்தில் மட்டும் இருக்கும் நாடு. அதற்குப் பாஸ்போர்ட்டும் அச்சிட்டது. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். சுற்றிலும் புதுப்புது நாடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது கூர்மையான கிண்டல். ஐரோப்பியக் கலை ரசிகர்கள் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

2000-களில் திடீரென நைஜீரியாவிலிருந்து விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்தன. அவர்களில் பலருக்கு இது கலைப்படைப்பு என்று தெரியாது. இது உண்மையான நாடு, இந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பா போகலாம் என்று நம்பினார்கள். கலைஞர்கள் பதறிப்போய், இது பயணத்துக்குச் செல்லாது என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. 2010-ல் லாகோஸுக்கே நேரில் போய் மக்களிடம் பேசினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அதே காகிதம். லண்டன்காரருக்கு அது டிராயிங் ரூமில் மாட்டி வைக்கும் ஜோக். லாகோஸ்காரருக்கு அது சேமித்த பணத்தில் வாங்கிய ஒரு கதவு, திறக்காத கதவு. 'அவங்களுக்குப் புரியல' என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். எனக்கென்னவோ அவர்களுக்குத்தான் பாஸ்போர்ட் என்றால் என்னவென்று சரியாகப் புரிந்திருந்தது என்று தோன்றுகிறது. எல்லை கடக்க ஒரு புத்தகம் வேண்டும், அந்தப் புத்தகத்தை யாரோ தூரத்தில் இருப்பவர்கள் தருவார்கள் என்பதுதானே அவர்கள் பார்த்த உலகம்?

விசாவைக் கிண்டல் செய்யும் எந்தப் படைப்பையும் நான் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். வரிசையில் நிற்பவர் பார்த்தால் இது அவருக்காகச் சொன்ன ஜோக்காகத் தெரியுமா, அவரை வைத்துச் சொன்ன ஜோக்காகத் தெரியுமா?

இதில் தேறுகிற படைப்பு ஒன்று உண்டு. பாலஸ்தீனக் கலைஞர் காலித் ஜர்ரார், 2011-ல் ரமல்லா பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, வந்திறங்கிய வெளிநாட்டவர்களின் பாஸ்போர்ட்டில் 'பாலஸ்தீன நாடு' என்ற முத்திரையைக் குத்தினார். நடுவில் ஒரு தேன்சிட்டு. தன் எல்லையில் தானே முத்திரை குத்த முடியாத மக்களின் சார்பில் ஒருவர் முத்திரை குத்துகிறார். சம்மதிப்பவர்களுக்கு மட்டும்தான். ஏனென்றால் அந்தத் தேன்சிட்டோடு இஸ்ரேலிய எல்லைக்குப் போனால் சிக்கல் வரலாம். வழக்கமாக ஆவணத்தால் வரும் ஆபத்து உள்ளூர்க்காரருக்கு, சுற்றுலா வந்தவருக்கு இல்லை. ஜர்ரார் அதை ஒரு நிமிடத்துக்குத் திருப்பிப் போட்டார்.

2017 வெனிஸ் பினாலேயில் துனிசியா செய்ததும் இதே ரகம். 1958-க்குப் பிறகு முதல் முறையாகத் தனி அரங்கு. அதில் ஓவியமோ சிற்பமோ கிடையாது. வெனிஸ் நகரில் சாவடிகள் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் 'ஃப்ரீசா' என்ற பயண ஆவணம் கொடுத்தார்கள். அச்சிட்டது உண்மையான பாதுகாப்பு ஆவணங்களைத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனம். வாங்க வேண்டுமென்றால் மையில் கட்டைவிரலை அழுத்த வேண்டும். கைரேகை கொடுத்தே பழக்கமில்லாத பணக்கார ரசிகர்கள் விரலில் மையோடு நின்றார்கள். மத்தியதரைக் கடலில் படகுகள் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

*நம்ம ஃபார்ம் மட்டும் ஒழுங்கா?*

இவ்வளவு நேரம் அவர்களைச் சொன்னோம். ஒரு வெளிநாட்டவர் இந்தியா வர ஆன்லைனில் விசா விண்ணப்பித்தால் என்ன கேட்கிறோம் தெரியுமா? மதம் என்ன? உடம்பில் வெளியே தெரியும் அடையாளம் என்ன? அப்பா, அம்மா எங்கே பிறந்தார்கள்? கடந்த பத்து வருடங்களில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள்? உங்கள் பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களாக இருந்தார்களா?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவர், 1947-ல் லாகூரில் இருந்த தன் பாட்டிக்காக இன்று தாஜ்மஹால் பார்க்க முடியாமல் அலைய வேண்டியிருக்கும். பாகிஸ்தான் வம்சாவளி என்றால் இ-விசா கிடையாது, சாதாரண விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்பார்கள். ஒவ்வொரு நாடும் தன் கட்டத்துக்கு அதே காரணத்தைத்தான் சொல்கிறது.

இந்தியக் கலைஞர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா, 2007-ல் 'இதில் வெடிபொருள் இல்லை' என்று எழுதிய பைகளைச் செய்து, மக்களை அவற்றோடு தெருவில் நடக்கச் சொன்னார். அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஏர்போர்ட்டில் நுழைவதாகக் கற்பனை செய்யுங்கள். எழுதியிருப்பது முழு உண்மை. ஆனாலும் உங்களை விடமாட்டார்கள். நீங்கள் நிரபராதி என்று நீங்களே சொல்ல ஆரம்பித்த நொடியில் சந்தேகம் பிறந்துவிடுகிறது. டிஎஸ்-160-ல் நாம் முப்பது தடவை 'இல்லை' போடுவதும் கிட்டத்தட்ட அந்தப் பையை மாட்டிக்கொள்வதுதான்.

தமிழிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. துபாய் வேலை என்று ஏமாற்றப்பட்ட இளைஞர்களின் கதையான சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' (2000) படத்தில் வடிவேலுவின் 'துபாய் ரிட்டர்ன்' பந்தாவைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏஜென்ட்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நின்றவர்களின் கூட்டம் இருந்தது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் பிரான்ஸில் அகதி அந்தஸ்து கேட்கும் ஒருவரின் விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்குகிறது. தன் வாழ்க்கையை அதிகாரிக்குப் புரிகிற, அதிகாரி நம்புகிற வடிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய கொடுமையை அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. அவர் நடித்து, 2015-ல் கான் விழாவின் உயரிய விருதை வென்ற 'தீபன்' படத்தில், முன்பின் தெரியாத மூன்று பேர் இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் குடும்பமாகி பிரான்ஸ் போகிறார்கள். தான்யா ஒஸ்டோயிச் கேட்ட அதே கேள்விதான். காகிதத்தில் குடும்பமானால் குடும்பமாகிவிடுமா?

*சரி, சிரிச்சு என்ன ஆகப்போகுது?*

நியாயமான கேள்வி. ஸ்டைன்பெர்க் வரைந்து எழுபது வருடம் ஆகிவிட்டது. படிவம் குறையவில்லை, கூடியிருக்கிறது. 2019 முதல் அமெரிக்க விசா படிவத்தில் கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025-ல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதாவது, நாளைக்கு அமெரிக்காவில் படிக்க நினைக்கும் பையன் இன்றைக்கே மீம் போடும்போது யோசிக்க வேண்டும். விசா படிவத்தைக் கிண்டல் செய்யும் மீமையும் சேர்த்துத்தான்.

ஷெங்கன் விசாவில் 2024-ல் மட்டும் இந்தியர்களின் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்ததும் அந்த ஆண்டு ஜூனில்தான். நிராகரித்தால் பணம் திரும்பி வராது. வருவது ஒரு அச்சடித்த படிவம். அதில் வரிசையாகக் காரணங்கள், ஒன்றுக்கு எதிரே ஒரு டிக். 'விசா முடிவதற்குள் நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது' என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் வெளிப்படை. சுற்றுலாவுக்கோ படிப்புக்கோ விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அது முதலிலேயே வைத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். இன்னும் நடக்காத ஒரு விஷயத்தை எந்த பேங்க் ஸ்டேட்மென்ட் நிரூபிக்கும்?

என் கல்லூரித் தோழி ஒருத்தி இருபது நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தாள். ஐரோப்பாவில் ஒரு சின்ன விழாவுக்கு அது தேர்வானது. அழைப்புக் கடிதம், தங்குமிடம், டிக்கெட் எல்லாம் இருந்தன. கல்யாணமாகவில்லை, சொந்த வீடில்லை, ஃப்ரீலான்ஸ் வேலை. அந்த டிக் விழுந்தது. படம் போனது, அவள் போகவில்லை. திரையிடல் முடிந்து கேள்வி பதில் நேரத்தில் வீடியோ காலில் வந்தாள். நெட்வொர்க் விட்டுவிட்டு வந்தது. 'உங்களை நேரில் பார்க்க முடியவில்லையே, ஏன் வரவில்லை?' என்று ஒரு ரசிகர் அன்பாகக் கேட்டாராம். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த ரசிகர்தான் இந்தக் கலைப்படைப்புகளின் முக்கியமான பார்வையாளர் என்று நினைக்கிறேன். வலுவான பாஸ்போர்ட் உள்ளவர் கொடூரமானவர் என்பதில்லை. அவருக்கு வரிசையே கண்ணில் பட்டதில்லை. அவர் விரலில் மை படும்போது, அவர் பாஸ்போர்ட்டில் தேன்சிட்டு விழும்போது, ஒரு கேமில் அவரே இன்னொருவரின் மனைவியைத் திருப்பி அனுப்பும்போது, முதல் முறையாக அது படுகிறது. சட்டம் மாறாமல் போகலாம். ஆனால் 'ஏன் வரவில்லை?' என்று கேட்பவர்களின் எண்ணிக்கையாவது குறையும்.

நமக்கு? நம்மில் பலர் நிராகரிப்பு வந்தால் வெளியே சொல்வதில்லை. ஏதோ பரீட்சையில் ஃபெயிலான மாதிரி வெட்கம். சொந்தக்காரர்களிடம் 'லீவ் கிடைக்கல' என்று சமாளிப்போம். எந்த டாக்குமென்டை விட்டோம் என்று நம்மையே நொந்துகொள்வோம். சில சமயம் நிஜமாகவே நாம் ஏதாவது விட்டிருக்கலாம். பல சமயம், நம்மால் நிரப்பவே முடியாத கட்டம் ஒன்று அந்தப் படிவத்தில் இருந்திருக்கும். படிக்கவே முடியாத கையெழுத்தில் ஸ்டைன்பெர்க் பாஸ்போர்ட் வரைந்ததன் ஆறுதல் எனக்கு இங்கேதான் கிடைக்கிறது. தப்பு எப்போதும் படிப்பவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை.

எல்லைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாடு, யார் வருகிறார்கள் என்று கேட்கலாம். நாமும் கேட்கிறோம். ஆனால் கேட்பதற்கு ஒரு மரியாதை உண்டு. நிராகரித்தால் டிக்குக்குப் பதிலாக இரண்டு வரியில் காரணம் சொல்லலாம். பரிசீலிக்காத கேள்விக்கு வாங்கிய பணத்தில் கொஞ்சமாவது திருப்பித் தரலாம். நம் அரசு மற்ற நாடுகளிடம் இதைக் கேட்கும்போது, நம் படிவத்தில் இருக்கும் பாட்டி கேள்வியையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

தோழி மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். இந்த முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருகிறாள். எத்தனை நகல் எடுத்தாள், எத்தனை மணிக்கு வரிசையில் நின்றாள், கவுன்டரில் என்ன கேட்டார்கள், எல்லாம். விசா கிடைத்தால் ஊர் சுற்றுவாளாம். கிடைக்காவிட்டால், அடுத்த படம் அதுதானாம்.